நாற்பத்தோராம் அத்தியாயத்தார்

காலை ஏழு மணிக்கு ஒலிபெருக்கியில் ரயில் வரும் அறிவிப்பு கேட்டதும், மேல்கரைக் குடியரசின் முப்பத்தோராயிரம் பேரும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். ரயில் எதுவும் வரப்போவதில்லை. சனிக்கோளைச் சுற்றும் டைட்டன் என்கிற அந்த உபகிரகத்தில் ஒரு முழத் தண்டவாளம்கூடக் கிடையாது. வெளியே உறைய வைக்கும் குளிர், ஆரஞ்சு நிறப் புகைமூட்டம், எப்போதாவது மீத்தேன் மழை. உள்ளே, மலையளவு பெரிய கண்ணாடிக் குமிழிக்குள், ஒரு நாடே தன் தேசிய கீதத்துக்காக அசையாமல் நின்றது.

கோமளவல்லியும் நின்றாள், கையில் தோசைத் திருப்பியோடு. கல்லில் பாசிமாவு தோசை கருகிக்கொண்டிருந்தது. அறிவிப்பின் நடுவே தோசையைத் திருப்புவது சட்டப்படி குற்றமில்லைதான். ஆனால் நல்ல குடும்பத்தில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். இன்றைக்கு அவள் நல்ல குடும்பம் என்று பெயர் வாங்கியாக வேண்டும். மகள் தேன்மதியைப் பெண் பார்க்க வருகிறார்கள். வருவது யார்? முதல் அத்தியாயத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் பூமியிலிருந்து கிளம்பிய கப்பலில் ஏறியவர்கள் எல்லோரும் தாங்களாகவே விரும்பி மறதிக் கழுவல் செய்துகொண்டவர்கள். மூளையில் குறிப்பிட்ட சில நினைவுகளை மட்டும் துடைத்தெடுக்கும் சிகிச்சை அது. மொழி இருக்கும், தொழில் இருக்கும், ரசம் வைக்கும் பக்குவம்கூட இருக்கும். எந்த ஊர், எந்தக் குலம், எந்தத் தெரு, தாத்தா யார் என்பது மட்டும் போய்விடும். புது உலகத்துக்குப் பழைய அழுக்கைக் கொண்டுபோக வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. கப்பலின் நூலகத்தையும் அதே காரணத்துக்காகக் காலி செய்துவிட்டார்கள்.

இறங்கிய நாலாவது மாதத்திலேயே காற்றுக்கு அடிதடி. ஒருவரையொருவர் பார்த்தால் எந்த ஒட்டுறவும் தோன்றவில்லை. பக்கத்து அறைக்காரன் மூச்சுத் திணறினால் நமக்கென்ன என்றிருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு பொறியாளர் கப்பலின் கணினியில் ஒரு கோப்பைக் கண்டுபிடித்தார். வாசிப்புக் கருவி சரியாக உச்சரிக்கிறதா என்று சோதிக்க யாரோ ஏற்றிவிட்டு, அழிக்க மறந்துபோன கோப்பு. அது ஒரு நாவல். பெயர் 'மேல்கரை ஜங்ஷன்'. ஆயிரத்து எண்பத்து நான்கு பக்கம், தொண்ணூற்றிரண்டு அத்தியாயம், ஒரு ரயில் நிலையமும் அதில் வந்துபோகும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும்.

சும்மா பொழுதுபோகட்டும் என்று தினம் ஓர் அத்தியாயத்தை ஒலிபெருக்கியில் போட்டார்கள். நாற்பத்தோராம் நாள், பாக்கியம் என்ற விதவையின் பெட்டியை நடைமேடையில் ஒருவன் திருடிக்கொண்டு போனபோது, குமிழி முழுவதும் ஒரே நேரத்தில் அழுதது. மறுநாள் காற்றுக்குடுவை வாங்க வரிசையில் நின்றார்கள். நாவலில் டிக்கெட் வாங்க எல்லோரும் அப்படித்தான் நின்றார்கள், அதனால். சண்டை ஓய்ந்தது. எதிரில் வருபவரிடம் "வண்டி வந்துட்டுதா?" என்று கேட்பது வணக்கமாயிற்று. நாவல் ஒரு கூட்டத்தை நாடாக்கும் என்று பூமியில் பேராசிரியர்கள் கட்டுரை எழுதிக்கொண்டிருக்க, இங்கே அது பட்டவர்த்தனமாக நடந்தது. நாட்டுக்கே மேல்கரை என்று பெயர் வைத்தார்கள். நான் கேலி செய்யவில்லை. அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் அவ்வளவு பேரும் முதல் வருஷமே செத்திருப்பார்கள்.

தப்பு அதற்கப்புறம்தான் நடந்தது. உறவு சொல்லிக் கூப்பிட ஆசை வந்தது. யாரை மாமா என்பது, யாரை அண்ணி என்பது? ஒரு விடுமுறை நாளில், விளையாட்டாக, நாவலின் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் குலுக்கலில் போட்டு, ஆளுக்கொரு பெயரை எடுத்துக்கொண்டார்கள். எடுத்த பெயர் அந்தக் குடும்பத்தின் 'வழி' ஆயிற்று. பிள்ளைகள் வளர்ந்தார்கள், பேரப்பிள்ளைகள் வந்தார்கள், விளையாட்டு என்பது மறந்துபோயிற்று. முதல் அத்தியாயத்தில் வருபவர் வழி உசத்தி. பேசும் வாய்ப்புக் கிடைத்தவர் வழி, வசனமில்லாதவர் வழியைவிட மேல். பெயரே இல்லாமல் 'சிவப்புத் துண்டுக்காரர்' என்று ஒரு வரியில் கடந்துபோனவரின் வழிக்குச் சபையில் பின்வரிசை. யாராவது வாயைத் திறந்து, இதெல்லாம் வெறும் குலுக்கல்தானே என்றால், "குலுக்கல்தான், ஆனா சும்மா வந்துடுமா?" என்று பதில் வரும்.

கோமளவல்லியின் வழி எது தெரியுமா? நாற்பத்தோராம் அத்தியாயம், பெட்டி திருடிய நல்லமுத்து. பாக்கியத்தின் பெட்டியோடு கூட்டத்தில் கலந்தவன், அதன்பின் நாவலில் எங்கும் தலைகாட்டவில்லை.

ஆறே குடும்பங்கள்தான் அந்த வழி. கோமளவல்லி மூன்றாம் மூச்சுக்கூடத்தின் தலைமைப் பொறியாளர். குமிழியில் பாதிப் பேருக்கு அவள் அனுப்பும் பிராணவாயுதான் நுரையீரலுக்குள் போகிறது. அதை இழுக்க யாரும் தயங்கியதில்லை. அவள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கத்தான் தயங்குவார்கள்.

பத்து மணிக்கு மங்களேஸ்வரி வந்தாள், மகன் இளவழுதியோடு. அவர்கள் வழி சாதாரணமானதில்லை. நாவலின் முதல் வரியிலேயே வருகிற ஸ்டேஷன் மாஸ்டர் வைத்தியலிங்கம், பாலம் உடைந்த நாளில் எக்ஸ்பிரஸ் வண்டியைக் காப்பாற்றி, ஊரே கூடி மாலை போட்ட வைத்தியலிங்கம். சதுக்கத்தில் அவருக்குத்தான் சிலை. இளவழுதியும் தேன்மதியும் மீத்தேன் ஏரியில் அளவெடுக்கும் படகில் ஒன்றாக வேலை செய்கிறவர்கள். நாலு வருஷமாக ஒரே படகு, போன வருஷத்திலிருந்து ஒரே எண்ணம்.

மேல்கரையில் விருந்தாளி வந்தால், வெளியே போகும்போது சுமக்கும் மூச்சுக்குடுவையைக் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுப்பது வழக்கம். உங்கள் பொறுப்பில் என் உயிர் என்று அர்த்தம். கோமளவல்லி இரண்டு கையையும் நீட்டினாள். மங்களேஸ்வரி சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும், கனமில்லை" என்று சொல்லிக் குடுவையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். இளவழுதிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"பொண்ணு கண்ணுக்கு லட்சணமா இருக்கா. படகு ஓட்டறதுல கெட்டிக்காரின்னு இவன் ஓயாம சொல்லுவான். சந்தோஷம். நாங்க ஒண்ணும் பழைய காலத்து ஆளுங்க இல்லை, இதெல்லாம் பாக்கறதில்லை. சொந்தக்காரங்கன்னு நாலு பேர் இருக்காங்க பாருங்க, அவங்க வாயை மூட முடியாது" என்றாள் மங்களேஸ்வரி.

"என்ன கேப்பாங்க?" என்றாள் கோமளவல்லி.

"நான் என்னத்தைச் சொல்ல. நாளைக்கு என் பேரன் பள்ளிக்கூடத்துல எழுந்து நின்னு வழி சொல்லணும். அப்பா பக்கம் ஸ்டேஷன் மாஸ்டர், அம்மா பக்கம்..." அவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லுங்க. பெட்டி திருடன்."

"நான் சொல்லலைங்க. நீங்களேதான் சொன்னீங்க."

பாசிமாவு தோசையை யாரும் தொடவில்லை. போகும்போது இளவழுதி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

கதவு மூடியதும் கோமளவல்லி உட்கார்ந்து அழுதாள். "முப்பது வருஷமா இவங்களுக்குக் காத்து குடுக்கறேன். ஒரு நாள் வால்வைத் திருகி மூடியிருந்தா தெரிஞ்சிருக்கும். எவனோ எப்பவோ எழுதின கதையில எவனோ எதையோ எடுத்ததுக்கு என் பொண்ணு வாழ்க்கை போகணுமா? மனுஷங்களா இவங்க?"

தேன்மதி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பதிவகத்தில் போய் எழுதிக்கொள்ளலாமென்றால் அதுவும் முடியாது. நாவலில் நடக்கும் ஒரே கல்யாணத்தில் இரண்டு தாய்மாரும் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அதனால் மேல்கரையில் இரண்டு தாய்மாரும் கையெழுத்துப் போடாமல் எந்தக் கல்யாணமும் செல்லாது. மங்களேஸ்வரி போடமாட்டாள் என்பது தெளிவாகத் தெரிந்துவிட்டது.

தேன்மதியின் அப்பா பொன்னரசு ஒளிப்பண்ணையில் கீரை வளர்ப்பவர், அதிகம் பேசாதவர். எல்லோரும் ஓய்ந்த பிறகு ஒன்று சொன்னார். "அந்த ஆளு பெட்டியைத் திருப்பிக் குடுத்தானோ என்னவோ, யார் கண்டா? இருபது பக்கம்தான் இல்லையே."

உண்மைதான். கோப்பில் ஐந்நூற்று எண்பத்தெட்டிலிருந்து அறுநூற்று ஏழு வரை இருபது பக்கங்கள் சிதைந்திருந்தன. ஐந்நூற்று எண்பத்தேழில் மழை கொட்டுகிறது, பாலம் அடித்துக்கொண்டு போகிறது. அறுநூற்று எட்டில் வண்டி பத்திரமாக நிற்கிறது, வைத்தியலிங்கத்துக்கு மாலை போடுகிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்பதைப் பற்றி மேல்கரைப் பல்கலைக்கழகத்தில் அறுபத்தேழு ஆய்வேடுகள் இருக்கின்றன. பூமியைக் கேட்டால் தெரிந்துவிடும், ஆனால் கேட்கக் கூடாது. மருந்து, வானிலை, உதிரிபாகம், இந்த மூன்றைத் தவிர பூமியோடு வேறு பேச்சே கூடாது என்பது முதல் குடியேறிகள் போட்ட சட்டம். பழங்கதை கேட்டால் பழைய அழுக்கு வந்துவிடுமாம்.

கோமளவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு மூச்சுக்கூடத்துக்குப் போனாள். அன்றைக்கு உதிரிபாகப் பட்டியல் அனுப்பும் நாள். பன்னிரண்டு வால்வு, நாற்பது வடிதட்டு, ஆறு அழுத்தமானி என்று பட்டியல் பதின்மூன்றாம் வரிசையில் முடிந்திருந்தது. பதினான்காவதாக அவள் எழுதினாள்: 'மேல்கரை ஜங்ஷன், நாவல். பக்கம் 588 முதல் 607 வரை. இழந்த பாகங்கள். மிக அவசரம்.'

செய்தி பூமிக்குப் போய்ச்சேர எண்பது நிமிஷம். அங்கே பண்டகசாலையைப் பார்த்துக்கொள்வது ஓர் இயந்திரம். அதற்கு வால்வும் ஒன்றுதான், நாவலும் ஒன்றுதான். இருப்பில் உண்டா என்று தேடியது, இருந்தது, அனுப்பிவிட்டது. கூடவே ஒரு குறிப்பு: 'தனிப் பாகங்களாகக் கிடைக்காது. முழு அலகாக அனுப்பப்படுகிறது.'

ஆனால் அது கோமளவல்லியின் திரைக்கு வரவில்லை. 'மேல்கரை ஜங்ஷன்' என்ற பெயர் எங்கே தென்பட்டாலும் பிடித்து வைக்கும்படி வழிப்பதிவகத்தில் ஏற்பாடு உண்டு. மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

வழிப்பதிவாளர் சபாநாயகம் பன்னிரண்டாம் அத்தியாயத்தார், டிக்கெட் கொடுப்பவர் வழி. எதிலும் அவசரப்படாத மனிதர். அவர் மேஜையில், பூமியிலிருந்து வந்த புத்தகத்தை ஏற்றிய ஏட்டுப்பலகை கிடந்தது, முத்திரை உடைக்காமல்.

"இது தேசத்துரோகம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"ஐயா, இருபது துண்டு கழன்றுபோன எந்திரத்தை மூச்சுக்கூடத்துல நான் ஓட்டினா நீங்க விடுவீங்களா? நாட்டையே அப்படித்தானே ஓட்டிட்டிருக்கீங்க."

"வேலை போயிடும்மா."

"போகட்டும்."

"அந்தப் பக்கத்துல உங்க ஆளு இன்னும் மோசமா ஏதாவது செஞ்சிருந்தா?"

"இதைவிட மோசமா என்னங்க இருக்கு? எங்களைப் பாத்தா செருப்பை எடுத்து உள்ள வெக்கறாங்க."

சபாநாயகம் பலகையைப் பார்த்தார், அவளும் பார்த்தாள். அந்த இருபது பக்கத்துக்காக மனிதர் முப்பது வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தார். அவருடைய முனைவர் பட்டமே அந்த இடைவெளியைப் பற்றித்தான். உடைத்துப் படித்தால் அவரும் துரோகி. திருப்பி அனுப்பினால் செத்தாலும் மனசு ஆறாது.

"தனியா படிச்சாத்தான் குற்றம். சபையில படிச்சா அது அரசு நிகழ்ச்சி" என்றார் கடைசியில்.

ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் எள் போட்டால் எள் விழாது. வைத்தியலிங்கத்தின் சிலையடியில் முதல் அத்தியாயத்தார் உட்கார்ந்திருந்தார்கள், முன்வரிசையில் மங்களேஸ்வரி. நாற்பத்தோராம் அத்தியாயத்தார் ஆறு குடும்பமும் கடைசியில், குடிநீர்த் தொட்டி ஓரத்தில்.

வந்தது முழுப் புத்தகம் அல்லவா, முதலில் ஒரு முன்னுரை இருந்தது. மேல்கரையின் கோப்பில் அது இருந்ததே இல்லை. சபாநாயகம் அதிலிருந்தே ஆரம்பித்தார். ரயில் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தவனை, நீ எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் விசாரிக்காத ஒரு காலம் வரும் என்ற ஆசையில் இந்தக் கதையை எழுதினேன், இதில் வருகிற யாரும் இன்னொருவருக்கு மேலுமில்லை கீழுமில்லை, என்று எழுத்தாளர் சொல்லியிருந்தார். கூட்டத்தில் இருமல் சத்தம் கேட்டது. பின்னாலிருந்து ஒருவர், "முன்னுரையெல்லாம் யார் படிக்கிறா, விஷயத்துக்கு வாங்க சார்" என்றார். ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லோரும். சபாநாயகம் முன்னுரையில் மீதியிருந்த மூன்று பக்கத்தையும் தள்ளிவிட்டு, நேரே ஐந்நூற்று எண்பத்தெட்டுக்குப் போனார்.

அந்தப் பக்கங்களில் இருந்தது இதுதான். திருடின பெட்டி ரொம்பக் கனம். வழியில் போன யாரோ ஒருவன் கை கொடுத்து நல்லமுத்துவின் தலையில் ஏற்றிவிட்டுப் போகிறான். கொட்டும் மழையில் தண்டவாளத்தை ஒட்டி நடந்த நல்லமுத்து, பாலம் இருந்த இடத்தில் பாலம் இல்லாததைப் பார்க்கிறான். பாலம் ஆபத்தென்று மத்தியானமே தந்தி வந்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் வைத்தியலிங்கம் அதை வாங்கி, காகிதத்தின் மேல் வைக்கும் கல்லுக்கு அடியில் சொருகிவிட்டுச் சாப்பிட்ட களைப்பில் தூங்கிப்போனார். எக்ஸ்பிரஸ் வருகிற சத்தம் கேட்கிறது. நல்லமுத்து பெட்டியைத் தண்டவாளத்தின் குறுக்கே இறக்கி வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறான். எழுந்து ஓடவில்லை. வண்டி பத்தடி தள்ளி வந்து நிற்கிறது. இறங்கிவந்த டிரைவர் அவனைக் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டு அப்புறம்தான் பாலத்தைப் பார்க்கிறார். டிரைவர் கும்பிட்டுக் கொண்டிருக்கும்போதே நல்லமுத்து பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, எஞ்சினிலிருந்த டிரைவரின் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மழையில் போய்விடுகிறான். விழித்தெழுந்து ஓடிவந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு மாலை விழுகிறது.

சபாநாயகம் கடைசி வரியைப் படித்துவிட்டுப் பலகையைக் கீழே வைத்தார். எங்கோ ஒரு பெண் விம்மினாள், பிறகு எல்லோரும். நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னால் அழுத மாதிரியே மேல்கரை மறுபடி ஒன்றாக அழுதது. பொன்னரசு கோமளவல்லியின் தோளைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து, திரும்பி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்துக் கைகூப்பினார்கள். மங்களேஸ்வரி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேன்மதிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்புறம் நடந்ததையெல்லாம் விரிவாகச் சொன்னால் சிரிப்பீர்கள். வைத்தியலிங்கத்தின் சிலையைச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் மனிதனின் சிலை வந்தது. வீட்டுக்கு வீடு தகரப்பெட்டி வாங்கினார்கள். உள்ளே வைக்க டைட்டனில் எதுவும் இல்லை, கூடத்தில் காலியாகவே வைத்தார்கள். பிறந்த குழந்தைகளுக்கு நல்லமுத்து என்று பெயர் வைத்ததில், ஒரே மாதத்தில் பாலர் பள்ளியில் பதினேழு நல்லமுத்துகள். வழிப்பதிவகத்தின் வாசலில் வரிசை தெருமுனை தாண்டியது. பெட்டியைத் தூக்கிவிட்ட அந்த 'யாரோ ஒருவன்' தங்கள் முன்னோர்தான் என்று நானூற்றுப் பதினொரு குடும்பங்கள் மனுக் கொடுத்தன. அடுத்த வாரமே அவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், இடது கைப்பிடியைப் பிடித்தவர்கள் என்றும் வலது கைப்பிடியைப் பிடித்தவர்கள் என்றும்.

கோமளவல்லியின் வேலை போகவில்லை. அசல் ஆறு குடும்பங்கள் சேர்ந்து 'நல்லமுத்து வழியினர் பேரவை' என்று ஒன்று ஆரம்பித்து அவளைத் தலைவியாக்கினார்கள். முதல் கூட்டத்தில் அவள் எல்லோரையும் வரவேற்றாள், கண்ணீரோடு பேசினாள், நாம் பட்டது இனி யாருக்கும் வேண்டாம் என்றாள். அன்றைக்கு அவள் பேசியது நிஜம். மனசாரப் பேசினாள். மூன்றாவது கூட்டத்தில், கைப்பிடிக்காரர்கள் பேரவையில் சேரலாமா என்ற கேள்வி வந்தது.

"கை குடுத்தவன் குடுத்துட்டுப் போயிட்டான். திருடினது யாரு?" என்றாள் கோமளவல்லி. "திருடினது எங்க ஆளு. வேற எவனும் இல்லை." கைதட்டல் ஓயச் சிறிது நேரமாயிற்று.

அன்று சாயங்காலம் தேன்மதி கேட்டாள். "அம்மா, அவங்களும் நம்மளை மாதிரி பின்வரிசைக்காரங்கதானே. சேத்துக்கிட்டா என்ன?"

"உனக்குத் தெரியாதும்மா. நூத்தியெண்பது வருஷம் அடி வாங்கினது நாம. மாலையில மட்டும் பங்குக்கு வந்தா விட்டுடுவமா?"

கல்யாணம் நடந்தால் போதும் என்று தேன்மதி அதை விட்டுவிட்டாள். இனி யார் தடுக்கப்போகிறார்கள்? மங்களேஸ்வரி தானே வந்து கேட்பாள் என்று இளவழுதி சொல்லியிருந்தான்.

சொன்னபடியே அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆள் இளைத்திருந்தாள். முதல் அத்தியாயத்தாரை இப்போது 'தூக்கக்காரர்' என்று தெருவில் கூப்பிட்டார்கள். இரண்டு கல்யாணங்கள் பேச்சோடு நின்றிருந்தன. இருந்தாலும் அவள் முகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. கல்யாணப் படிவத்தில் தன் கையெழுத்தை முன்கூட்டியே போட்டு எடுத்துவந்திருந்தாள். அதை மேஜைமேல் வைத்துவிட்டு, தட்டில் இருந்த தோசையை எடுத்து, ஒரு துண்டு மீதி வைக்காமல் சாப்பிட்டாள்.

"அன்னிக்கு நான் பேசினது தப்புங்க. மன்னிச்சிடுங்க. அந்த நெனப்புல எனக்குத் தூக்கமே வரலை" என்றவள், தூக்கம் என்ற வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு கணம் நிறுத்தினாள். "சின்னஞ்சிறுசுங்க ஆசைப்படறாங்க. நீங்க பெரிய மனசு பண்ணணும்."

கோமளவல்லி படிவத்தைப் பார்த்தாள், எடுக்கவில்லை. "எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லைங்க. பேரவைக்குத் தலைவியா இருக்கேன். நானே வெளிவழியில பொண்ணைக் குடுத்தா நல்லாருக்குமா? ஆறே குடும்பம் நாங்க."

"அதை நானும் யோசிச்சேன்." மங்களேஸ்வரி தன் பையிலிருந்து ஏட்டுப்பலகையை எடுத்தாள். குரலில் பெருமை வந்துவிட்டது. "ஆயிரத்து எண்பத்து நாலு பக்கத்தையும் உக்காந்து படிச்சேங்க, வாழ்க்கையில முதல் தடவையா. எழுநூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல ஒரு விஷயம் இருக்கு. யாரும் கவனிக்கலை. எங்க வைத்தியலிங்கம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போற அன்னிக்கு, ஆபீஸ் பேனா ஒண்ணை எடுத்துச் சட்டைப்பையில சொருகிட்டுப் போறார். திருப்பித் தரவே இல்லை. நாங்களும் ஒண்ணும் சுத்தமானவங்க இல்லைங்க."

கோமளவல்லி பலகையை வாங்கி அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். "மறந்து எடுத்துட்டுப் போனாரா, தெரிஞ்சே எடுத்தாரா?"

"தெரிஞ்சேதாங்க. அப்படித்தான் நாங்க எடுத்துக்கறோம்."

"அம்மா, கையெழுத்தைப் போட்டுடு" என்றாள் தேன்மதி. அவள் குரல் கெஞ்சியது. "இத்தனை நாள் நீ எதுக்கு அழுதியோ, அதையே இப்ப நீ செய்யாதே. எனக்கு இவன் வேணும். இவங்க முன்னோர் தூங்கினா எனக்கென்ன, திருடினா எனக்கென்ன?"

"நீ சும்மா இரு. பெரியவங்க பேசிட்டிருக்கோம்."

கோமளவல்லி பலகையை மேஜைமேல் வைத்து, மங்களேஸ்வரியின் பக்கம் தள்ளினாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு தலைமுறையாகச் சுமந்த பெயரை ஒருத்தி இவ்வளவு சல்லிசாக வாங்கப் பார்க்கிறாளே என்ற நிஜமான கோபம்.

"பேனாவா? நடைமேடையில, பட்டப்பகல்ல, ஊரே பாக்க, ஆள் உயரப் பெட்டியைத் தூக்கிட்டு நடந்தார் எங்க ஆளு. டிரைவர் கன்னத்துல அறைஞ்ச பிறகும் தூக்கை எடுக்காம போகலை. அது திருட்டு. பேனாவைச் சட்டைப்பையில சொருகிட்டு நைசா நழுவறதுக்குப் பேரு திருட்டாங்க? இந்த உலகத்துல பேனா எடுக்காதவன் எவன்? இதைச் சொல்லிக்கிட்டு எங்க வீட்டுல பொண்ணு கேக்க வந்துட்டீங்களே."

இளவழுதி எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்கு வருத்தம் இருந்தது, அவமானம் இருந்தது. கோபம் மட்டும் வரவில்லை. படிவத்தை எடுத்து நாலாக மடித்தாள்.

"பேசாதேடா. அவங்க சொல்றது நியாயம்தானே. நான் அவங்க இடத்துல இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். வா, நம்ம வழியில வேற பொண்ணு பாக்கலாம்."